ஜெருசலேம் கோயிலுக்கு இடம் தேடிய லண்டன்வாசி: ஜேம்ஸ் பெர்குசன்

ஸ்ட்ரெதமில் இருந்து 417 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் கிரிஸ்டல் பலஸ் மேட்டில் இறங்கலாம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம்மில் பலர் போய்வரும் பூங்கா அங்கே இருக்கிறது. உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரத்தையும் பழைய படிக்கட்டுகளையும் கல் ஸ்பிங்ஸ்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்தப் படிக்கட்டுகளுக்கு மேலே 1854 முதல் ஒரு மாபெரும் கண்ணாடி மாளிகை நின்றது. 1936 நவம்பர் 30 இரவு அது எரிந்து போயிற்று. அந்த மாளிகையை நடத்திய கம்பனிக்கு 1856 தொடக்கம் சுமார் இரண்டு ஆண்டுகள் பொது முகாமையாளராக இருந்தவர் ஜேம்ஸ் பெர்குசன்.

இந்தப் பெயரை நாம் அறிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், ஸ்ரீரங்கம், மதுரை, இராமேஸ்வரம் ஆகிய நம் கோயில்களை இந்தியக் கட்டடக்கலையின் முழு வரலாற்றுக்குள் வைத்து ஆங்கிலத்தில் முதன்முதலில் எழுதியவர் அவர். அதே மனிதர், ஜெருசலேமில் யூதர்களின் ஆலயம் எந்த இடத்தில் நின்றது என்ற கேள்வியோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் பிழை. எப்படிப் பிழைத்தது என்பதுதான் இடிந்த கோயில்களைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு முக்கியம்.

பெர்குசன் 1808 ஜனவரி 22 அன்று ஸ்கொட்லாந்தின் எயர் நகரில் பிறந்தார். தகப்பனார் இராணுவ மருத்துவர். எடின்பரோவிலும் பின்னர் லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலும் பள்ளிப் படிப்பு. கட்டடக்கலையையோ தொல்லியலையோ அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. இளம் வயதிலேயே கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறி, தமையன் பங்காளியாக இருந்த வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு சொந்தமாக நீலச்சாயத் தொழிற்சாலை வைத்தார். வங்காளத்தில் அவுரி பயிரிட்ட ஏழை விவசாயிகள் பட்ட பாடு பெரிது. 1859 இல் அவர்கள் தோட்டக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தத் தொழிலில் கிடைத்த பணம்தான் பெர்குசனுக்குப் பிற்காலத்தில் படிக்கவும் எழுதவும் ஓய்வு கொடுத்தது. இதையும் சேர்த்தே அவரது கதையைச் சொல்ல வேண்டும்.

1835 முதல் 1842 வரை அவர் இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தார். கமரா லூசிடா என்ற கருவி அவரிடம் இருந்தது. கண்முன் நிற்கும் கட்டடத்தின் உருவத்தைத் தாளின் மேல் விழச்செய்து, கோடு பிசகாமல் வரைய உதவும் கருவி அது. தெற்கே மாமல்லபுரம், சிதம்பரம் வரை வந்து வரைந்தார். புராணத்தையும் கேள்விக்கதையையும் அவர் நம்பவில்லை. தூணின் வடிவம், போதிகையின் செதுக்கு, கூரையின் வளைவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டுகொள்ளலாம் என்பது அவரது வழி. பெருமளவு கல்வெட்டுகள் அச்சில் வராத அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம்தான்.

அவருக்கு முன்பே நம் பக்கத்தில் இருந்து ஒருவர் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ், சிற்ப நூற் சுவடிகளைத் தேடிப் படித்து, சிற்பிகளிடம் கேட்டுத் தெளிந்து, இந்துக் கோயில் கட்டடக்கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின்னர், 1834 இல், லண்டனில் ரோயல் ஏசியாட்டிக் சங்கம் அதை வெளியிட்டது. கோயிலைக் கட்டுகிறவனிடம் கேட்டு எழுதுவது ராம் ராஸின் வழி. கட்டடத்தைக் கண்ணால் பார்த்து எழுதுவது பெர்குசனின் வழி. இந்த வேறுபாடு கடைசிவரை வந்தது.

லண்டன் திரும்பியதும் 1843 இல் இந்தியக் குடைவரைக் கோயில்களைப் பற்றி அதே சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அவை அழிந்துகொண்டிருக்கின்றன, உடனே பதிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். அதன் பலனாகக் கிழக்கிந்தியக் கம்பனி அஜந்தா ஓவியங்களைப் பிரதி எடுக்க ரொபர்ட் கில் என்ற சென்னைப் படை அதிகாரியை அனுப்பியது. கில் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து வரைந்து அனுப்பிய பெரும் பிரதிகள் இதே கிரிஸ்டல் பலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் மாளிகையின் வடபகுதியில் ஏற்பட்ட தீயில் அவற்றில் பெரும்பாலானவை எரிந்தன. பெர்குசன் தானே வடிவமைத்த நினிவே மண்டபமும் அந்தத் தீயோடு போயிற்று.

இனி ஜெருசலேமுக்கு வருவோம். சாலமோன் கட்டியதாக வேதம் சொல்லும் முதல் ஆலயத்தை கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அழித்தார்கள். மக்களை நாடு கடத்தினார்கள். நாடு திரும்பியவர்கள் அதே இடத்தில் இரண்டாம் ஆலயத்தைக் கட்டினார்கள். ஏரோது மன்னன் அதைப் பெரிதாக்கி, சுற்றிலும் பிரமாண்டமான மதில் எழுப்பி மேடையை விரித்தான். கி.பி. 70 இல் ரோமானியர் ஆலயத்தை இடித்தார்கள். மதில் நின்றது. சுமார் 35 ஏக்கர் பரப்புள்ள அந்த மேடைதான் இன்று முஸ்லிம்கள் ஹரம் அல்-ஷரீப் என்று போற்றும் புனித வளாகம். நடுவில் பாறைக் குவிமாடம், தெற்கே அல்-அக்ஸா பள்ளிவாசல். அதன் மேற்கு மதிலின் ஒரு பகுதியில் யூதர்கள் இன்றும் நின்று தொழுகிறார்கள். ஆலயம் அந்த மேடையில் நடுப்பாறைக்கு அருகே நின்றது என்பதே வழிவழி வந்த நம்பிக்கை.

1847 இல் பெர்குசன் ஒரு நூல் வெளியிட்டு இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கினார். அதை எழுதியபோது அவர் ஜெருசலேமைக் கண்டதே இல்லை. 1833 இல் கேதர்வுட் என்ற கலைஞரும் அவரது தோழர்களும் வளாகத்துக்குள் போய் அளந்து வரைந்த படங்கள்தான் அவரது ஆதாரம். பாறைக் குவிமாடத்தின் உள்ளே நிற்கும் தூண்களைப் படத்தில் பார்த்தார். அவை இஸ்லாமியர் காலத்தவை அல்ல, பிந்திய ரோமர் காலத்தவை என்று அவர் கண் சொல்லிற்று. அப்படியானால் இந்தக் கட்டடமே நான்காம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தைன் பேரரசன் இயேசுவின் கல்லறை மேல் எழுப்பிய தேவாலயம் என்றார். உள்ளே இருக்கும் பாறையும் அதன் கீழுள்ள குகையும்தான் கல்லறை என்றார். கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக வணங்கிவரும் திருக்கல்லறைத் தேவாலயம் பின்னாளில் இடம் மாறிய ஒன்றாகிவிட்டது. நடுப்பாறை கல்லறை என்றால் யூத ஆலயம் அங்கே நின்றிருக்க முடியாது. ஆகவே அதை மேடையின் தென்மேற்கு மூலைக்குத் தள்ளினார். ஆலய வளாகம் பக்கத்துக்கு ஒரு ஸ்டேடியம், அதாவது சுமார் 600 அடி கொண்ட சதுரம் என்று பழைய யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியிருந்தார். அந்தச் சதுரத்தை மூலையில் பொருத்திக் காட்டினார்.

மூன்று மதத்தாரின் நம்பிக்கையையும் ஒரே நூலில் கலைத்துப் போட்ட வாதம் அது. ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற குருவானவர் உட்படப் பலர் மறுத்து எழுதினார்கள். பலமான மறுப்பு கட்டடத்தின் உள்ளேயே இருந்தது. பாறைக் குவிமாடத்தின் உட்சுவரில் வண்ணக் கற்களால் பதித்த நீண்ட அரபு வாசகம் ஒன்று உண்டு. 1864 இல் பிரெஞ்சு அறிஞர் டி வோகுவே ஜெருசலேம் ஆலயம் பற்றிய தம் நூலில் அதை ஆராய்ந்தார். கட்டியவர் பெயராக அதில் இருப்பது ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அல்-மாமூன். ஆனால் ஆண்டு ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691-692. அது அப்துல் மாலிக் கலீபாவின் காலம். பிந்தி வந்த அரசன் பெயரை மாற்றிவிட்டு ஆண்டை மாற்றாமல் விட்டுவிட்டான்.

பெர்குசன் அசையவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு நல்ல காரியமும் இங்கேதான் வருகிறது. கிரிஸ்டல் பலஸில் செயலாளராக இருந்தவர் ஜோர்ஜ் குரோவ். ஸ்ட்ரெதமுக்கு அடுத்த கிளப்பம் பகுதியில் பிறந்தவர். பின்னாளில் இசை அகராதி தொகுத்துப் புகழ் பெற்றவர். வேதாகமத்தில் வரும் இடப்பெயர்களுக்கு ஒழுங்கான அட்டவணை இல்லை என்று பெர்குசன் ஒருமுறை குறைப்பட்டுக்கொள்ள, குரோவ் தம் மனைவியோடு உட்கார்ந்து அந்த அட்டவணையைத் தயாரித்தார். அந்த ஈடுபாடு வளர்ந்தது. 1865 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கூடிய கூட்டத்தில் பாலஸ்தீன ஆய்வு நிதியம் உருவானபோது அதற்கும் குரோவே செயலாளர் ஆனார். பெர்குசனும் அந்த முயற்சியில் சேர்ந்தார். வாதம் போதும், தோண்டிப் பார்ப்போம் என்ற நிலை வந்தது.

1867 பெப்ரவரியில் நிதியம் சார்ல்ஸ் வொரன் என்ற இளம் பொறியியல் படை அதிகாரியை ஜெருசலேமுக்கு அனுப்பியது. இவர்தான் பின்னாளில் லண்டன் பொலிஸ் ஆணையாளராக இருந்து, ஜாக் த ரிப்பர் கொலைகளின்போது பத்திரிகைகளில் அடிபட்டவர். புனித வளாகத்துக்குள் மண்வெட்டி வைக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே மதிலுக்கு வெளியே தள்ளி நின்று கிணறுபோலக் குழிகள் இறக்கி, அடியில் சுரங்கம் குடைந்து மதிலின் அத்திவாரத்தைத் தொட்டார். தென்கிழக்கு மூலையில் சுமார் 80 அடி ஆழத்தில்தான் பாறை கிடைத்தது. தென்மேற்கில் கண்டது பெர்குசனுக்கு இன்னும் பாதகமானது. டைரோபியன் பள்ளத்தாக்கு அந்த மூலைக்குக் கீழாகவே ஓடுகிறது. மேலே சமதரையாகத் தெரியும் இடம், அடியில் ஆழப் பள்ளம். மலையுச்சியில் பாறை வெளியே தெரிய நிற்கும்போது, அதை விட்டுவிட்டுப் பள்ளத்தின் மேல் யாரும் முதல் ஆலயத்தைக் கட்டியிருக்க மாட்டார்கள். லண்டனில் இருந்து வரைபடத்தைப் பார்த்தவருக்கு இந்தப் பள்ளம் தெரிந்திருக்க வழியில்லை.

1871 இல் கிளெர்மொன் கன்னோ என்ற பிரெஞ்சுக்காரர் ஜெருசலேமில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆலயத்தின் உள்வீதிக்குள் அந்நியர் நுழையக்கூடாது, நுழைந்தால் மரணம் என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் பலகைக் கல் அது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜொசீபஸ் சொன்ன எச்சரிக்கைப் பலகை கற்பனையல்ல என்று அது காட்டியது. ஆலயம் நின்ற சரியான புள்ளியை அதுவும் சொல்லவில்லை.

1878 இல் பெர்குசன் யூதர்களின் ஆலயங்கள் என்ற பெரிய நூலை வெளியிட்டு, பழைய வாதத்தையே இன்னும் விரிவாக வைத்தார். வொரன் 1880 இல் கோயிலா கல்லறையா என்ற நூலால் பதில் சொன்னார். அறிஞர்கள் பெரும்பாலும் வொரன் பக்கம் போனார்கள். இன்றும் அந்த மேடைக்குள் முறையான அகழாய்வு நடந்ததில்லை. நடுப்பாறைக்கு மேலேயா, சற்று வடக்கேயா, தெற்கேயா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் ஆலயம் அந்த மேடையில் நின்றது என்பதிலும், பாறைக் குவிமாடம் கொன்ஸ்தந்தைனின் தேவாலயம் அல்ல என்பதிலும் ஆய்வுலகில் ஐயம் இல்லை.

எங்கே பிழைத்தார்? அவர் கண் பிழைக்கவில்லை. அந்தத் தூண்கள் உண்மையிலேயே பழையவை. இடிந்த பழைய கட்டடங்களில் இருந்து எடுத்துவந்து புதிய கட்டடத்தில் நாட்டப்பட்டவை. கல்லின் வயதையே கட்டடத்தின் வயதாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையின் வாசலில் தமிழ்க் கல்வெட்டோடு ஒரு கல் நிற்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்தக் கல்லைப் படத்தில் மட்டும் பார்த்த ஒருவர் கோட்டையையே கோயில் என்று சொல்லிவிடலாம். ஊர்ச் சனத்தைக் கேட்டிருந்தால் சொல்லமாட்டார்.

நம் கோயில்கள் விடயத்திலும் பெர்குசனின் கண் அப்படித்தான் வேலை செய்தது. 1876 இல் வந்த இந்திய, கீழைத்தேயக் கட்டடக்கலை வரலாற்றில் தஞ்சைப் பெரிய கோயிலைப் புகழ்ந்தார். நடு விமானம் எல்லாவற்றையும் விட ஓங்கி நிற்பது அவருக்குப் பிடித்தது. திருவாரூரும் ஸ்ரீரங்கமும் அவருக்கு நெருடின. வெளிக் கோபுரம் பெரிது, உள்ளே போகப் போகச் சிறிது, மூலஸ்தானம் எல்லாவற்றிலும் சிறிது. இது அமைப்பில் பெருங்குறை என்றார். வேலைப்பாட்டின் அளவையும் உழைப்பையும் கண்டு வியந்தவர்தான். என்றாலும் பழைய மூலஸ்தானத்தில் கைவைக்க மனமில்லாமல், தலைமுறை தலைமுறையாக வெளிவீதிகளைப் பெருப்பித்துக்கொண்டு போன மக்களின் மனது அவர் கணக்கில் குறையாகவே விழுந்தது.

வாழ்நாளில் அவருக்குப் பெருமைகள் குறைவில்லை. 1871 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆந்திராவின் அமராவதித் தூபியில் இருந்து கப்பலில் வந்த சிற்பங்கள் லண்டனில் ஒரு வண்டிக் கொட்டகையில் கிடந்ததைத் தேடிக் கண்டு, 1868 இல் நூலாக்கி உலகறியச் செய்தவர் அவர். அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. கியூ தாவரத் தோட்டத்தில் 1882 இல் திறந்த மரியான் நோர்த் ஓவியக்கூடமும் அவர் வடிவமைத்ததே. அவர் கட்டியதில் லண்டனில் நாம் இன்றும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடியது அது.

கடைசி நூல்களில் ஒன்றுதான் அவர் பெயருக்குக் களங்கம். வங்காள அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா, ஒரிசாக் கோயில்களையும் புத்தகயாவையும் ஆராய்ந்து எழுதியவர். கிரேக்கர் தொடர்புக்கு முன்பே இந்தியர் கல்லில் கட்ட அறிந்திருந்தார்கள் என்று அவர் வாதாடினார். பெர்குசனுக்கு அது உடன்பாடில்லை. அந்த மட்டில் அறிஞர்களுக்குள் நடக்கும் விவாதம்தான். ஆனால் 1884 இல் மித்ராவைத் தாக்கியே ஒரு தனிநூல் எழுதினார். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்ற இல்பர்ட் மசோதாச் சண்டை கொதித்திருந்த நேரம். மித்ராவின் பிழைகளைக் காட்டி, இப்படிப்பட்டவர்களிடமா ஐரோப்பியர் தீர்ப்புக் கேட்பது என்ற அளவுக்குப் போனார். தம் கோயிலைப் பற்றிப் பேச அந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தகுதியுண்டா என்பதே கேள்வியாகிவிட்டது. 1886 ஜனவரி 9 அன்று, 77 வயதில், பெர்குசன் லண்டனில் காலமானார்.

இந்தக் கதையை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்? பெர்குசன் ஜெருசலேம் வாதத்தில் மூழ்கியிருந்த அதே காலத்தில், 1872 இல், போர்த்துக்கேயர் அழித்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். கோயில் நின்ற மாதோட்டம் அன்று காடு மூடிக் கிடந்தது. 1890களில் காணியை வாங்கிக் காடு வெட்டித் தேடியபோதுதான் பழைய இலிங்கம் வெளிப்பட்டது. 1950 இல் திருகோணமலையில் கிணறு வெட்டியவர்கள் கோணேசர் கோயிலின் வெண்கலத் திருமேனிகளைக் கண்டெடுத்தார்கள். அடியார்களின் நினைவும் மண்ணும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திய இடங்கள் இவை.

இன்று குருந்தூர்மலை போன்ற இடங்களில் தொல்லியல் திணைக்களம் ஒன்று சொல்கிறது, காலங்காலமாகப் பொங்கிப் படைத்துவந்த சனம் இன்னொன்று சொல்கிறது. பெர்குசனைப் போலத் தூரத்தில் இருந்து முடிவு கட்டுகிறவர்களும், மித்ராவுக்கு நேர்ந்ததுபோல வாயடைக்கப்படுகிறவர்களும் இன்றும் உண்டு. அதே நேரம், ஸ்ட்ரெதமில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை நாமும் செய்துவிடக் கூடாது. நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஒரு கல்லின் சாட்சியை வளைத்தால், மறுபக்கத்தார் வளைக்கும்போது கேட்க நமக்கு வாயில்லை.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஊர்க்கோயில் எங்கே நின்றது, வாசல் எந்தத் திசை, கேணி எந்தப் பக்கம், திருவிழாவில் சுவாமி எந்த வீதியால் வந்தார் என்பதெல்லாம் நம் வீட்டு அம்மம்மா, அப்பப்பாமாருக்குத் தெரியும். பழைய படங்கள், காணி உறுதிகள், திருவிழா நோட்டீஸ்கள் பலருடைய சூட்கேசுகளில் கிடக்கின்றன. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, கேட்டு எழுதி, ஆண்டும் பெயரும் குறித்து வைப்போம். மண்ணைத் தோண்டுகிறவர் ஒருநாள் நேர்மையோடு வந்தால், எங்கே தோண்டுவது என்று அவருக்குச் சொல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.